கும்மிடிப்பூண்டி மண்ணும் எங்கள் ஐஸ் பெட்டியும்

மண்ணுக்கு மேலே என்ன கட்டலாம் என்று ஊரே பார்க்கிறது. மண்ணுக்குள்ளே என்ன இறங்கிக் கிடக்கிறது என்று பார்ப்பது எங்கள் தொழில். ஃபேக்டரிக்காரர்கள் கூப்பிடுவார்கள். போய்த் துளை போட்டு மண்ணை எடுத்து, எண்ணெயோ ஈயமோ வேறு ரசாயனமோ கலந்திருக்கிறதா என்று லேபில் கொடுத்துப் பார்ப்போம். கலந்திருந்தால் அதை எப்படிச் சரி செய்வது என்று சொல்வோம். சொன்னபடி செய்கிறார்களா என்று கூடவே நின்று கழுத்தை அறுப்பதும் நாங்கள்தான். இதற்காகச் செவ்வாப்பேட்டையில் ரயிலேறி, வழியில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டி போய் வருகிறேன்.

உங்களில் ஆடிட்டுக்குப் போகிறவர்கள், மீட்டர் ரீடிங் எடுக்கிறவர்கள், பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் என் பாடு சொல்லாமலே புரியும். அடுத்தவர் இடத்துக்குப் போய்க் குறை தேடுகிற விருந்தாளிக்கு யாரும் ஆரத்தி எடுப்பதில்லை. டீ வரும், ஆறிப்போய் வரும். ஆனாலும் இந்த வேலையைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம் கிடையாது. பெருமையாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வருகிறவர் ஏசுதாஸ். ஆரம்பாக்கத்துக்காரர். துளை போடும் மிஷின் அவர் பொறுப்பு. எங்கே போட வேண்டும் என்பது என் பொறுப்பு. இந்தப் பிரிவினையில் எங்களுக்குள் இதுவரை சண்டை வந்ததில்லை. நாஷ்டா எங்கே சாப்பிடுவது என்பதில்தான் வரும்.

கேட்டில்

எந்த ஃபேக்டரிக்குப் போனாலும் முதல் சோதனை மண்ணுக்கு இல்லை, எங்களுக்குத்தான். செக்யூரிட்டி எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இரும்புக் கம்பிகள், மிஷின், கையுறைகள், கண்ணாடி பாட்டில்கள், ஒரு பெரிய ஐஸ் பெட்டி. பாதிப் பேர் போர்வெல் போட வந்தவர்கள் என்று நினைத்து, தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்று கேட்பார்கள். மீதிப் பேர், கட்டடம் கட்டுவதற்காக மண்ணின் பலத்தைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைப்பார்கள். இல்லை, மண் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறோம் என்றால் அவர்கள் முகம் கெட்டுவிடும்.

ஒரு பெயிண்ட் கம்பெனி கேட்டில் இருந்தவர் நல்ல மனிதர். ஐஸ் பெட்டி எதற்கு என்று கேட்டார். மண்ணில் இருக்கும் சில பொருள்கள் வெயில் பட்டால் ஆவியாகிப் போய்விடும், குளிர்ச்சியாக லேபுக்குப் போனால்தான் உள்ளது உள்ளபடி தெரியும் என்று விளக்கினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எல்லாம் புரிந்துவிட்டது என்ற திருப்தியில் நான் நிற்க, அவர் உள்ளே போன் போட்டார்: "சார், ரெண்டு பேரு வந்துக்கிறாங்க. கவர்மெண்டு மாதிரி தெரில, ஐஸ் பொட்டி வெச்சிக்கினு கீறாங்க. மீனு கீனு ஆர்டர் குட்த்தீங்களா?"

பூந்தொட்டிகள்

இரும்புச் சாமான்களுக்குப் பளபளவென்று முலாம் பூசும் கம்பெனி ஒன்று. கை மாறிய கம்பெனி. மேனேஜர் பாஸ்கரன் புதிய முதலாளியோடு வந்தவர். கட்டடத்தை விரிவாக்குவதற்கு முன்னால் மண்ணைப் பார்த்துவிடலாம் என்று அவர்களாகவே கூப்பிட்டிருந்தார்கள். போனதும் பாஸ்கரன் எங்களை முன்புறப் புல்வெளிக்கு அழைத்துப்போய், "இங்க எடுங்க மேடம், நல்ல நிழல்" என்றார். எல்லா மேனேஜர்களும் புல்வெளியைத்தான் காட்டுவார்கள். உடம்பு சரியில்லாதவரை டாக்டரிடம் அழைத்துப் போனால் வலிக்கிற காலைத்தானே காட்டுவோம்? ஃபேக்டரிகளுக்கு மட்டும் வலிக்காத காலைக் காட்டித்தான் பழக்கம். அதனால் நாங்கள் மிஷினை இறக்குவதற்கு முன்னால் நடப்போம். முலாம் தொட்டிகள் எங்கே இருந்தன, சாக்கடை எந்தப் பக்கம் சாய்கிறது, டிரம்களை எங்கே அடுக்கினார்கள், பழைய சாட்டிலைட் படத்தில் இருக்கிற கூரை இப்போது ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டே நடப்போம்.

அப்படி நடந்தபோது, பின்பக்கத் தளத்தில் ஓரிடத்தில் மட்டும் சிமெண்ட்டின் நிறம் வேறாக இருந்தது. அதன் மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள், நடுவில் ஒரு பெஞ்ச். பழைய படத்தில் அதே இடத்தில் ஒரு ஷெட் இருந்தது. சாக்கடையும் அங்கேதான் போய் முடிந்தது. பூந்தொட்டிகளை நகர்த்தச் சொன்னேன். "எங்க வேணா எடுங்க, ஒளிக்க என்ன இருக்கு" என்று பாஸ்கரன் சிரித்தார். ஏசுதாஸ் சிமெண்ட்டை அறுத்து, கம்பியை இறக்கித் திருகி மேலே எடுத்தார். வந்த மண் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. முலாம் பூசுகிற குரோமியம் மண்ணில் இறங்கினால் அந்த நிறம்தான்.

எல்லாரையும் பின்னால் போகச் சொன்னேன். முந்தைய முதலாளி காலத்து முலாம் தொட்டி எதுவோ ஒழுகியிருக்க வேண்டும். மேலே சிமெண்ட் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். பாஸ்கரன் அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. லேப் ரிசல்ட் வரட்டும் என்றும் காத்திருக்கவில்லை. அன்றைக்கே கேன்டீனுக்குப் போகும் போர்வெல்லை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து தண்ணீர் கேன்களை வரவழைத்தார். அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். நாங்கள் சுற்றிலும் துளை போட்டு, கெட்டது எங்கே முடிந்து நல்லது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்தோம். போர்வெல் தண்ணீரில் நல்லவேளையாக எதுவும் கலந்திருக்கவில்லை. கோட்டுக்குள் இருந்ததெல்லாம் பிறகு தோண்டி எடுக்கப்பட்டு, அபாயக் கழிவுக்கென்று இருக்கிற இடத்துக்குப் போயிற்று. சரியான இடத்தில் கம்பி வைத்த பெருமை எனக்கு. தயங்காமல் குழாயை மூடிய பெருமை அவருக்கு. ஆனால் அன்றைக்கு அவர் அந்த மஞ்சள் மண்ணைப் பார்த்துக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்: "மேடம், நான் டெய்லி இந்த பெஞ்சுல வந்து உக்காந்துதான் ஃப்ரெஷ் ஏர் வாங்கிப்பேன்."

மீட்டர் கத்தியது

எங்களிடம் ஒரு மீட்டர் இருக்கிறது. மண்ணிலிருந்து பெட்ரோல், தின்னர் மாதிரியான ஆவி வந்தால் அது மோப்பம் பிடித்துக் கத்தும். ஒரு பார்சல் கிடங்கில் மண் எடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே பாக்கெட்டுகளை அடுக்குவதைத் தவிர வேறு எதுவும் நடந்ததே இல்லை. முதல் துளையிலேயே மீட்டர் வீலென்று கத்தியது. கம்பியைக் கழுவி, கையுறை மாற்றி, வேறு இடத்தில் போட்டோம். மறுபடியும் கத்தல். இன்னோர் இடத்தில் கத்தவே இல்லை. திரும்பவும் பழைய இடத்துக்கு வந்தால் கத்தல். எனக்கு வியர்த்துவிட்டது. கீழே ஏதோ பழைய டேங்க் புதைந்திருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஏசுதாஸ்தான் என் முழங்கையைத் தட்டி, கண்ணால் பின்பக்கம் காட்டினார். கம்பெனியின் எச்.ஆர். அம்மா, எங்களை வேடிக்கை பார்க்க ஆசையாக வந்து என் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். மண் தூசு பட்டுவிடுமோ என்று அடிக்கடி சானிடைசர் ஊற்றிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மீட்டரை மெதுவாக அவர் கைப்பக்கம் கொண்டுபோனேன். அது உயிர் போகிற மாதிரி கத்தியது. அவர் ஒரு நிமிடம் மீட்டரையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ ரிப்போர்ட்ல என் பேரு வருமா?"

புது மண்

மூடிக் கிடந்த ஒரு ஷெட்டை வேறொரு கம்பெனி வாங்குவதாக இருந்தது. வாங்குகிறவர்கள்தான் எங்களை அனுப்பினார்கள். இப்போதெல்லாம் விவரமான கம்பெனிகள், பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மண்ணைப் பார்க்கிறார்கள். இடத்தோடு சேர்த்து இடத்தில் இருக்கிற விஷத்தையும் வாங்கிவிடக் கூடாதல்லவா? விற்கிற பக்கத்து ஆள் எங்களை வரவேற்றதைப் பார்த்தால் நான் ஏதோ சம்பந்தி வீட்டிலிருந்து வந்தவள் என்று நினைத்துவிடுவீர்கள். "நாஷ்டா ஆச்சா மேடம்? வெயில்ல எதுக்கு பேஜாரு? மேலாப்ல ஒரு கை அள்ளிக்கினு போங்க, எல்லாம் ஒரே மண்ணுதான்" என்றார்.

இடத்தைப் பார்த்தேன். வாசலிலிருந்து பின்சுவர் வரை செக்கச்செவேல் என்று மண். கோலமாவு மாதிரி சீராகத் தூவியிருந்தது. அதில் ஒரு காக்கையின் கால்தடம்கூட இல்லை. சுற்றியிருக்கிற காலி மனைகளில் எல்லாம் சாம்பல் நிற மணலும் களியும்தான். இந்த மாதிரி செம்மண்ணுக்கு மேற்கே ஆர்.கே.பேட்டைப் பக்கம் போக வேண்டும். நான் ஏசுதாஸைப் பார்த்தேன். அவர் கம்பியை இறக்கினார். ஒரு சாண் சிவப்பு. அதற்குக் கீழே கன்னங்கரேல் என்று பிசுபிசுப்பு, மூக்கைப் பிடிக்கிற மண்ணெண்ணெய் நாற்றம். தட்டில் நீளமாகப் போட்டதும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. அந்த ஆள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசுதாஸ் அவரிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "இன்னாண்ணா இது, மேல ஆர்.கே.பேட்டை, கீழ கும்மிடிப்பூண்டியா கீது?"

குழந்தைகள் அறை

இதுதான் நான் அதிகம் பேருக்குச் சொல்லியிருக்கிற கதை. கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு அறை வேண்டும் என்று ரொம்ப நாள் கேட்டுப் போராடி, கடைசியில் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பக்கத்தில் மூடிக் கிடந்த ஷெட்டை வாங்கி, சுவரில் யானையும் கிளியும் வரைந்து, வெளியே புங்கமரத்தடியில் ஊஞ்சல்கூடப் போட்டுவிட்டார்கள். புதிதாக வாங்கும் எந்த இடத்தையும் மண் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது என்பது அந்தக் கம்பெனியின் விதி. திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிற நேரத்தில் அது யாருக்கோ ஞாபகம் வந்து எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு சம்பிரதாயத்துக்கு.

அந்த ஷெட்டில் ஒரு காலத்தில் பழைய பேட்டரிகளை உருக்கினார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பேட்டரி என்றால் ஈயம். ஈயம் நாறாது, நிறம் காட்டாது. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை மண்ணில் வைத்து அழுத்தினால்தான் திரையில் தெரியும். வாசலில் ஒன்றுமில்லை. சுவரோரம் கொஞ்சம். புங்கமரத்தடியில் வைத்தபோது எண் ஏறிக்கொண்டே போயிற்று. ஊஞ்சலுக்கு நேர் கீழேதான் எல்லாவற்றிலும் அதிகம். கருவியை மட்டும் நம்பாமல் லேபுக்கும் அனுப்பினேன். லேபும் அதையேதான் சொன்னது.

கட்டட வேலைகளைக் கவனித்த தினகரன் சார், "டைல்ஸ் போட்டு மூடிடலாம், குழந்தைங்களுக்கு ஏத்த இடம்தான்னு எழுதிக் கொடுங்க" என்றார். மூடுவது தப்பில்லை, லாரி நிறுத்துகிற இடமாக இருந்தால் கான்கிரீட் போட்டு மூடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். "சார், தவழ்ற குழந்தை கைய தரையில வெச்சு வாயில வெக்கும். டைல்ஸ் ஒண்ணு விரிஞ்சா போதும். ஈயம் போய் உக்கார்றது குழந்தையோட மூளையில. என் கையெழுத்துல அப்படி எழுத மாட்டேன்" என்றேன். அவர் எங்கள் டைரக்டருக்கே போன் போட்டார். டைரக்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ரிசல்ட்ல உனக்கு சந்தேகம் இருக்காம்மா?" இல்லை என்றேன். "அப்போ எழுதினது எழுதினதுதான்" என்று வைத்துவிட்டார். அந்த நிமிடம் என் கால் தரையில் இல்லை.

ஆனால் தினகரனைவிடப் பெரிய சண்டை கேட்டில் காத்திருந்தது. செல்வி என்று ஒரு பெண், வயர் கட்டும் பிரிவில் வேலை செய்கிறவள். "நீதான் அந்த மண்ணு மேடமா? எம்மா நாளா கேட்டு வாங்கினது தெரியுமா ஒனக்கு? என் மாமியாருக்கு கண்ணு சரியா தெரியாது. அவங்ககிட்ட புள்ளய உட்டுட்டு வந்து இங்க எனக்கு கையே ஓடல. நீ வந்து ஒரு வார்த்தைல இஸ்து மூடிக்கினு போற!" என்று கத்தினாள். அவளை ஓரமாக உட்காரவைத்து, ஈயம் குழந்தையை என்ன செய்யும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லாப் பெண்களையும் கூட்டிக்கொண்டு எச்.ஆர். அறைக்கே போய் நின்றாளாம். ரூம் வேண்டும், ஆனால் அந்த இடம் வேண்டாம் என்று. நிர்வாகம் ஆபீஸ் கட்டடத்தில் ட்ரெய்னிங் ஹாலைக் காலி செய்து கொடுத்தது. குழந்தைகள் ஏசியில் தூங்க, ஆபீசர்கள் வராந்தாவில் ட்ரெய்னிங் எடுத்தார்கள்.

அதற்குள் நாங்கள் அந்த ஷெட்டில் வேலையைத் தொடங்கினோம். தூசு எழாமல் தண்ணீர் தெளித்து மண்ணைத் தோண்டினோம். லாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, சக்கரத்தைக் கழுவித்தான் வெளியே விட்டோம். ஷெட்டின் சுவரையும் விட்டத்தையும் துடைத்து எடுத்தோம். பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் மண் எடுத்துப் பார்த்ததில் ஒரு பக்கம் தேறவில்லை, இன்னும் தோண்டினோம். புங்கமரத்தைக் காப்பாற்ற முடியவில்லை, அது ஒரு வருத்தம். நிரப்பக் கொண்டுவந்த நல்ல மண்ணையும் டெஸ்ட் செய்த பிறகுதான் கொட்டவிட்டேன். கடைசியில் அறை திறந்த அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். செல்வி இடுப்பில் பெண் குழந்தையோடு வந்தாள். சிரிக்கவில்லை, நன்றி சொல்லவில்லை. குழந்தையைப் புது மண்ணில் இறக்கிவிடப் போனவள் சட்டென்று நின்று என்னைப் பார்த்தாள்: "இவ மண்ணு தின்னுற பொண்ணு மேடம். இத்த தின்னா பரவால்லியா?"

கல்யாண வீட்டில்

உறவுக்காரர்களுக்கு என் வேலையை விளக்குவது தனிப் படிப்பு. உங்களுக்கும் இந்தக் கஷ்டம் இருக்கும். டாக்டர், டீச்சர் என்றால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். நாம் விளக்கத் தொடங்கினால் பந்தி முடிந்து பாயசம் தீர்ந்துவிடும். திருவள்ளூரில் ஒரு கல்யாணத்தில் என் கணவரின் தாய்மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "கண்ணு, நீ இன்னா வேலைக்குப் போறே?" என்று அன்பாகக் கேட்டார்.

நானும் உற்சாகமாகச் சொன்னேன். நிலத்துக்கு அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று படங்களைப் பார்த்துக் கண்டுபிடிப்போம், துளை போட்டு எடுப்போம், அதற்கென்று கருவிகள் இருக்கின்றன, பெரிய பெரிய கம்பெனிகளே நாங்கள் சொன்னால்தான் கேட்கும் என்று கொஞ்சம் அளந்தும் விட்டேன். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் கண்ணில் அப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததே இல்லை. இலையை மூடிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, என் காதருகே குனிந்தார்: "நம்ம பழைய ஊட்டு கொல்லையில எங்க தாத்தா எதனா பொதச்சி வெச்சிக்கிறாரான்னு ஒரு நாளு அந்த மிஷினு எட்த்தாந்து பாரேன், யாருகிட்டயும் சொல்லாத."

சுப்பராயலுவின் வயல்

ஆரம்பாக்கம் போகிற வழியில், இரும்புக் கம்பி இழுக்கும் ஆலை ஒன்று. அதன் பின்சுவரை ஒட்டி சுப்பராயலுவின் நெல் வயல், வயல் ஓரத்தில் கிணறு. பயிர் துருப்பிடித்த மாதிரி பழுப்பாகிக்கொண்டே வந்தது. ஃபேக்டரியின் எண்ணெய்தான் பைப்பில் ஒழுகி வயலைக் கெடுக்கிறது என்று அவர் கேட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் பைப்பில் ஒழுக்கே இல்லை என்றது ஆலை. ஆலைத் தலைவர் வெங்கடேசன் எங்களைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்ததும் சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கம்பெனி டப்பு குடுத்து இட்டாந்த ஆளு, கம்பெனிக்குத்தானே பேசும்?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அந்தச் சந்தேகத்துக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை.

"வயல்ல எங்க தோண்டணும்னு நீங்களே காட்டுங்க. எடுக்கிற ஒவ்வொரு மண்ணுலயும் சரிபாதி உங்க கையில குடுத்துடறேன். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிற லேபுக்கு நீங்க அனுப்புங்க" என்றேன். அவர் நம்பாமல்தான் வரப்பில் இறங்கினார். எனக்கு முழங்கால் வரை சேறு. ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. அதைப் பார்த்து அவர் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு ஏசுதாஸோடு சேர்ந்து அவரே கம்பியைத் திருகினார். வயலிலும், சுவரோரத்திலும், சுவருக்கு உள்பக்கத்திலும் எடுத்தோம். கிணற்றுத் தண்ணீரையும் எடுத்தோம். அவர் பங்கை அவருடைய மருமகன் வேறொரு ஊர் லேபுக்குக் கொண்டுபோனார்.

இரண்டு லேப் ரிசல்ட்டும் ஒரே மாதிரி இருந்தன. அதை இரு தரப்புக்கும் தனித்தனியாகச் சொல்ல மாட்டேன், ஒரே மேஜையில் உட்காரவைத்துத்தான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்தேன். பயிர் பழுப்பானது துத்தநாகச் சத்துக் குறைவால். வயல் மண்ணில் எண்ணெயே இல்லை. வெங்கடேசன் மூச்சு விட்டார். ஆனால் சுவரின் உள்பக்கம் மண்ணுக்கடியில் போகும் டீசல் பைப் ஒழுகியிருக்கிறது. டீசல் மெல்ல மெல்லக் கிணற்றைப் பார்த்து நகர்கிறது. இன்னும் கிணற்றைத் தொடவில்லை. இப்போது சுப்பராயலு மூச்சு விட்டார். சுவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் எங்களைக் கேட்கவே இல்லை, நாங்களாகத்தான் பார்த்தோம். வெங்கடேசன் ஹெட் ஆபீசுக்குக்கூடப் போன் போடாமல், "அந்த பைப்பை இப்பவே மூடச் சொல்லுங்க" என்று ஆளை அனுப்பினார். சுப்பராயலு எழுந்து அவர் தோளில் கை வைத்தார்: "பயிரு விசயத்துல நான் சொன்னது தப்பு, பைப்பு விசயத்துல நீ சொன்னது தப்பு. ஆளுக்கு ஒண்ணு ஆச்சி, டீ சொல்லு நைனா."

பெரிய சார் வந்தார்

அந்த ஆலையில் டீசல் ஊறிய மண்ணை லாரியில் அள்ளி வேறெங்கோ அனுப்பாமல், அங்கேயே சரி செய்யலாம் என்று சொன்னேன். தோண்டி எடுத்த மண்ணைத் தடிமனான பிளாஸ்டிக் விரிப்பில் பாத்தி பாத்தியாகப் பரப்பினோம். சாணியும் உமியும் கலந்து, ஈரம் காயாமல் பார்த்து, அடிக்கடி புரட்டிப் போட்டால் மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களே டீசலைத் தின்று தீர்த்துவிடும். பைப்புக்கும் கிணற்றுக்கும் நடுவில் சிறு கிணறுகள் போட்டு, நகர்ந்து வருகிற டீசலை உறிஞ்சி எடுத்தோம். ஹெட் ஆபீசில் சிரித்தார்களாம்: இரும்பாலையில் சாணி கரைக்கிறார்கள் என்று. நான் கவலைப்படவில்லை. புரட்டிப் போட வந்த பெண்கள் முதலில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார்கள். நாள் போகப் போகத் துணி கழுத்துக்கு இறங்கியது. வடகிழக்கு மழை வந்து பாத்திகளை நனைத்து வேலையைக் கெடுத்தபோது, தார்ப்பாயைப் பிடித்து இழுத்துக் கட்டியவர்களில் வெங்கடேசனும் ஒருவர். கடைசியாக வந்த லேப் ரிசல்ட் வரம்புக்குக் கீழே இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஒன்றுமே இல்லை. வெங்கடேசன் அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, மண்ணைப் பள்ளத்தில் திரும்பப் போடச் சொன்னார். நான் அங்கேயே நின்று மிதித்துப் பார்த்தேன். என் மாவட்டத்து மண், என்னால் திரும்பக் கிடைத்த மண் என்று ஒரு கர்வம். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஹெட் ஆபீசிலிருந்து பெரிய சார் வந்தார். வெள்ளைத் தொப்பி, பளபள ஷூ. இவ்வளவு நாள் நடந்த வேலையைக் காட்டுங்கள் என்றார். வெங்கடேசன் அவரைப் பின்சுவருக்கு அழைத்துப் போனார். அங்கே வெறும் தரை. ஓரமாகக் கண்காணிப்புக்கென்று விட்டுவைத்த குழாய்களின் மூடிகள், ஒரு பக்கம் முளைத்திருந்த கோரைப்புல். அவ்வளவுதான். பெரிய சார் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கே? இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லையே?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வெங்கடேசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "ஆமா சார், அதுக்குத்தான் இவ்ளோ பாடுபட்டோம்."

'ஒன்றுமில்லை' என்ற ஒரே சொல்லைத் தைரியமாகச் சொல்வதற்காக இத்தனை பள்ளம் தோண்டுகிறவர்கள், எனக்குத் தெரிந்து, இந்தத் தாலுகாவில் நாங்கள் மட்டும்தான்.